கன்டெய்னருக்குள் ஓடும் குபெலெட்டில் சிஎன்ஐ பிளகின் நிறுவல் சிக்கல்கள்: முழுமையான வழிகாட்டி

குபர்நெட்டிஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டரில் புதிதாகச் சேர்த்த நோடு, அதாவது மெஷின், "நாட்ரெடி" என்றே நிற்கிறது. நெட்வொர்க் பிளகினை நிறுவுகிற டீமன்செட் பாட் (நோடுக்கு ஒன்று வீதம் ஓடும் கன்டெய்னர் தொகுதி) நன்றாக ஓடுகிறது. பைனரிகளை, அதாவது பிளகினின் புரோகிராம் கோப்புகளை, நகலெடுத்தாயிற்று என்று அதன் லாக் சொல்கிறது. ஹோஸ்ட்டில், அதாவது கன்டெய்னருக்கு வெளியே மெஷினிலேயே, போய்ப் பார்த்தால் கோப்புகளும் இருக்கின்றன. ஆனால் நோடில் பாடுகளை இயக்கும் குபெலெட் மட்டும் "சிஎன்ஐ பிளகின் நாட் இனிஷியலைஸ்டு" என்று சில நொடிக்கு ஒருமுறை புலம்பிக்கொண்டே இருக்கிறது (சிஎன்ஐ என்பது பாடுகளுக்கு நெட்வொர்க் அமைக்கும் பிளகின்களுக்கான பொது விதிமுறை). பலரும் இந்த இடத்தில் பிளகினை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அப்புறம் இன்னொரு பிளகினைப் போட்டுப் பார்க்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் நிறுவலில் இருப்பதில்லை, கோப்பைத் தேடுகிற புரோசஸ் எங்கே நின்று தேடுகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நாகர்கோவிலைச் சுற்றி இப்படி வேலை செய்பவர்களுக்கு இது கூடுதலாகவே தேவைப்படும். அலுவலகத்தில் ஒரு மாஸ்டர், ஆரல்வாய்மொழி காற்றாலைப் பக்கம் தரவு சேகரிக்க ஒரு சின்ன ஏஆர்எம் பெட்டி, குலசேகரத்தில் ரப்பர் கிடங்கில் ஒன்று, குளச்சலில் ஒன்று என்று நோடுகள் சிதறிக் கிடக்கும். ஹோஸ்ட்டில் எதையும் நிறுவாமல், டாக்கர் மட்டும் வைத்துக்கொண்டு, குபெலெட்டையும் ஒரு கன்டெய்னராகவே ஓட்டுவது அங்கே வசதி. பெட்டி பழுதானால் இன்னொன்றை வைத்து ஒரே கட்டளையில் எழுப்பிவிடலாம். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் இந்தச் சிக்கல்.

கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், பிளகினை அழைப்பது யார்?

இதற்கு விடை தெரியாமல் ஒரு கட்டளையும் அடிக்க வேண்டாம். 2022 மே மாதம் வந்த குபர்நெட்டிஸ் 1.24-க்கு முந்தைய பதிப்புகளில், டாக்கரோடு சேர்த்து ஓட்டும்போது குபெலெட்டே சிஎன்ஐ பிளகினை அழைக்கும். அதற்கு "நெட்வொர்க்-பிளகின்", "சிஎன்ஐ-பின்-டிர்", "சிஎன்ஐ-கான்ஃப்-டிர்" என்று மூன்று ஃபிளாகுகள் இருந்தன. 1.24-இல் டாக்கர்ஷிம் (குபெலெட்டை டாக்கரோடு இணைத்த உள் பகுதி) நீக்கப்பட்டபோது இந்த ஃபிளாகுகளும் போய்விட்டன. பழைய ஃபிளாகை அப்படியே விட்டுவிட்டுப் பதிப்பை மட்டும் ஏற்றினால், "அன்நோன் ஃபிளாக்" என்று சொல்லி குபெலெட் எழும்பவே செய்யாது. கன்டெய்னர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்து நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

1.24-இலிருந்து பிளகினை அழைப்பது ரன்டைம், அதாவது கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள். கன்டெய்னர்டி, கிரையோ, அல்லது டாக்கரையே தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு சிஆர்ஐ-டாக்கர்டி (குபெலெட்டுக்கும் டாக்கருக்கும் நடுவில் நிற்கும் இணைப்பு). கன்டெய்னர்டி ஹோஸ்ட்டில் நேரடியாக ஓடினால், குபெலெட் கன்டெய்னருக்குள் இருப்பதால் பிளகினுக்கு ஒன்றும் ஆகாது. கோப்புகளைத் தேடுவது கன்டெய்னர்டிதான். ஆனால் சிஆர்ஐ-டாக்கர்டி குபெலெட்டின் கன்டெய்னருக்குள்ளேயே ஓடும் அமைப்புகள் உண்டு. அங்கே பழைய கதை மறுபடியும் தொடரும்.

பிளகினை அழைக்கும் புரோசஸுக்கு எந்தக் கோப்பு அமைப்பு தெரிகிறதோ, அதில் பிளகின் இருக்க வேண்டும். /ஆப்ட்/சிஎன்ஐ/பின் என்ற பாதை ஹோஸ்ட்டிலும் இருக்கும், குபெலெட் கன்டெய்னருக்குள்ளும் இருக்கும். பெயர் ஒன்றுதான், இடம் வேறு. நாகர்கோவிலில் "பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்" என்று ஒருவர் வடசேரியிலும் இன்னொருவர் அண்ணா பஸ் ஸ்டாண்டிலும் நின்றால் எப்படிச் சந்திப்பார்கள்? நிறுவும் பாட் ஹோஸ்ட்டில் கொண்டு வைக்கிறது, குபெலெட் தன் கன்டெய்னருக்குள் தேடுகிறது. இருவர் சொல்வதும் உண்மைதான்.

படி 1: பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள்

"குப்சிடிஎல் டிஸ்கிரைப் நோடு" கொடுத்து, கண்டிஷன்ஸ் பகுதியில் "ரெடி" வரிக்கு நேராக இருக்கும் செய்தியைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் குபெலெட்டின் லாகையும் எடுங்கள். கன்டெய்னராக ஓடுவதால் "ஜர்னல்சிடிஎல்"-இல் அது இருக்காது, "டாக்கர் லாக்ஸ் குபெலெட்" என்றுதான் எடுக்க வேண்டும். ரன்டைம் ஹோஸ்ட்டில் இருந்தால் அதன் லாக் "ஜர்னல்சிடிஎல்"-இல் கிடைக்கும்.

"சிஎன்ஐ பிளகின் நாட் இனிஷியலைஸ்டு", "சிஎன்ஐ கான்ஃபிக் அன்இனிஷியலைஸ்டு", "நோ நெட்வொர்க்ஸ் ஃபவுண்ட்" ஆகிய மூன்றும் பெரும்பாலும் கான்ஃபிக் கோப்பைப் பற்றிய புகார்கள். /ஈடிசி/சிஎன்ஐ/நெட்.டி ஃபோல்டரில் எதுவும் கண்ணில் படவில்லை, அல்லது இருப்பது படிக்கும்படி இல்லை என்று பொருள். பைனரியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"ஃபெயில்டு டு ஃபைண்ட் பிளகின்" என்று வந்து, பின்னால் லூப்பேக், போர்ட்மேப், ஃபிளானல் என்று ஏதாவது பிளகினின் பெயர் இருந்தால், கான்ஃபிக் கிடைத்துவிட்டது, பைனரிதான் இல்லை. அந்த வரியின் கடைசியில் எந்த ஃபோல்டரில் தேடியது என்பதும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஃபிளானல் பைனரி காணவில்லை என்றால் ஒரு தனிக் காரணம் உண்டு: பொதுவான சிஎன்ஐ பிளகின் தொகுப்பின் 1.0.0 பதிப்பிலிருந்து, அதாவது 2021-இலிருந்து, ஃபிளானல் அதில் இல்லை. ஃபிளானலின் புதிய மேனிஃபெஸ்ட்டில் (நிறுவல் விவரக் கோப்பில்) அதை நகலெடுக்கவென்றே ஒரு இனிட் கன்டெய்னர், அதாவது பாடின் முக்கிய வேலைக்கு முன் ஓடி முடியும் கன்டெய்னர், இருக்கிறது. பழைய மேனிஃபெஸ்ட்டையும் புதிய தொகுப்பையும் கலந்தால் இந்தப் பிழை வரும்.

"சப்நெட்.இஎன்வி: நோ சச் ஃபைல்" என்றோ, "/வார்/லிப்/காலிகோ/நோடுநேம்: நோ சச் ஃபைல்" என்றோ வந்தால், பைனரியும் ஓடிவிட்டது, அது ஓடும்போது எதிர்பார்க்கும் கோப்புதான் கிடைக்கவில்லை. இதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

நிறுவும் பாடே ஓடவில்லை என்றால் கதை வேறு. அது ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓடுவதால் சிஎன்ஐ இல்லாமலேயே எழும்ப முடியும். இமேஜ் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். மலையோரத் தளங்களில் மழைக்காலத்தில் இணைப்பு தடுமாறும்போது இது சகஜம். அலுவலகத்தில் "டாக்கர் சேவ்" செய்து, பென் டிரைவில் கொண்டுபோய் "டாக்கர் லோடு" செய்துவிடலாம்; கன்டெய்னர்டி என்றால் "சிடிஆர்" கட்டளையில் கே8எஸ்.ஐஓ நேம்ஸ்பேஸுக்குள் இம்போர்ட் செய்ய வேண்டும். இமேஜ் இருந்தும் காலிகோவின் (ஃபிளானல் போன்ற இன்னொரு நெட்வொர்க் பிளகின்) நிறுவி டைம்அவுட் ஆனால், குப்-பிராக்ஸி எழும்பிவிட்டதா என்று பாருங்கள். நிறுவி ஏபிஐ சர்வரை சர்வீஸ் ஐபி வழியாகத் தேடும், அந்த ஐபி வேலை செய்ய குப்-பிராக்ஸி வேண்டும்.

படி 2: அந்தப் புரோசஸின் கண்ணால் பாருங்கள்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டபோது நடந்த பேச்சு இது.

"அண்ணே, ஃபைல் எல்லாம் அங்கதான் இருக்கு. நான் கண்ணால பாத்தாச்சு."

"சரி மக்கா, யாரு கண்ணால பாத்த? குபெலெட்டுக்கு என்ன தெரியுதுன்னு பாத்தியா?"

பார்ப்பது மிக எளிது. ஹோஸ்ட்டில் ரூட்டாக நின்று "பிட்ஆஃப் குபெலெட்" கொடுத்து புரோசஸ் எண்ணை எடுங்கள். 2417 என்று வந்தால், "எல்எஸ் -எல் /பிராக்/2417/ரூட்/ஆப்ட்/சிஎன்ஐ/பின்" என்று அடியுங்கள். /பிராக் கீழே இருக்கும் அந்த "ரூட்" வழியாகப் போனால், அந்தப் புரோசஸுக்குத் தெரிகிற கோப்பு அமைப்பே உங்களுக்கும் தெரியும். கன்டெய்னருக்குள் ஷெல் இருக்க வேண்டியதில்லை, எதையும் கூடுதலாக நிறுவ வேண்டியதும் இல்லை. பிறகு அதே கட்டளையை ஹோஸ்ட் பாதைக்கும் கொடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள்.

தம்பியின் பெட்டியில் ஹோஸ்ட் பக்கம் பிரிட்ஜ், காலிகோ, காலிகோ-ஐபேம், ஹோஸ்ட்-லோக்கல், லூப்பேக், போர்ட்மேப் என்று வரிசையாக இருந்தன. குபெலெட் பக்கம் பிரிட்ஜ், ஹோஸ்ட்-லோக்கல், லூப்பேக் மட்டும், தேதியும் பழையது. அவை இமேஜோடு சேர்ந்து வந்த கோப்புகள். சில குபெலெட் இமேஜ்களில் இப்படிக் கொஞ்சம் பிளகின்கள் முன்கூட்டியே இருக்கும். ஃபோல்டர் காலியாக இருந்தால் உடனே சந்தேகம் வரும், பாதி நிறைந்திருந்தால் வராது. அதனால் பெயரோடு தேதியையும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதையே /ஈடிசி/சிஎன்ஐ/நெட்.டி ஃபோல்டருக்கும் செய்யுங்கள். பிளகினை அழைப்பது கன்டெய்னர்டி என்றால் அதன் புரோசஸ் எண்ணை வைத்துச் செய்யுங்கள். "கிரிக்டிஎல் இன்ஃபோ" கொடுத்தால், எந்த ஃபோல்டர்களைப் பார்க்கிறது, கடைசியாகக் கான்ஃபிக் படித்தபோது என்ன ஆனது என்பதை கன்டெய்னர்டியே சொல்லிவிடும். சின்ன குபர்நெட்டிஸ் வடிவமான கே3எஸ் தன்னுடைய ஃபிளானலோடு ஓடும்போது கான்ஃபிக் /வார்/லிப்/ரான்ச்சர்/கே3எஸ் கீழே இருக்கும். மைக்ரோகே8எஸ்-க்கு /வார்/ஸ்னாப்/மைக்ரோகே8எஸ் கீழே. ரெட்ஹேட் குடும்ப லினக்ஸில் பேக்கேஜாக நிறுவினால் பைனரிகள் /யுஎஸ்ஆர்/லிப்எக்செக்/சிஎன்ஐ-க்குப் போய்விடும்.

படி 3: மவுண்டைச் சரிசெய்யுங்கள்

இரண்டு பட்டியலும் வேறு வேறாக இருந்தால், "டாக்கர் இன்ஸ்பெக்ட் குபெலெட்" கொடுத்து மவுண்ட்ஸ் பகுதியை, அதாவது ஹோஸ்ட்டின் எந்த ஃபோல்டர்கள் கன்டெய்னருக்குள் காட்டப்படுகின்றன என்பதை, பாருங்கள். /ஈடிசி/சிஎன்ஐ, /ஆப்ட்/சிஎன்ஐ, /வார்/லிப்/சிஎன்ஐ மூன்றும் ஹோஸ்ட்டிலிருந்து உள்ளே போயிருக்க வேண்டும். ஃபிளானல் என்றால் /ரன், காலிகோ என்றால் /வார்/லிப்/காலிகோவும் வேண்டும். /லிப்/மாட்யூல்ஸ் படிக்க மட்டும் போதும். /வார்/லிப்/குபெலெட் மவுண்ட் "ஆர்ஷேர்டு" ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் குபெலெட் உள்ளே செய்யும் வால்யூம் மவுண்டுகள் பாடுகளுக்குத் தெரியாது. கன்டெய்னர் பிரிவிலேஜ்டு ஆக, ஹோஸ்ட் நெட்வொர்க்கிலும் ஹோஸ்ட் பிஐடி நேம்ஸ்பேஸிலும் ஓட வேண்டும். பிஐடியை மறந்தால், பாடின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸை /பிராக் வழியாகத் திறக்கும்போது பிளகின் தடுமாறும்.

ரான்ச்சரின் கிளஸ்டர் கட்டும் கருவியான ஆர்கேஇ-யின் முதல் பதிப்பில் கிளஸ்டரைக் கட்டியவர்கள், கிளஸ்டர் கோப்பில் குபெலெட் பகுதியின் "எக்ஸ்ட்ரா_பைண்ட்ஸ்" கீழே கூடுதல் மவுண்டுகளைச் சேர்க்கலாம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது என்பதால், புதிய தளம் எதையும் அதில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மவுண்ட் இருந்தும் பட்டியல் வேறாக இருக்கும் மூன்று சூழ்நிலைகள் உண்டு. மூன்றும் ஆளைச் சுற்றவிடும், நிதானமாகப் பாருங்கள்.

ஒன்று, சுத்தம் செய்கிறேன் என்று ஹோஸ்ட்டில் /ஆப்ட்/சிஎன்ஐ ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவது. பைண்ட் மவுண்ட் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, அந்த ஃபோல்டரின் ஐநோடைத்தான் (டிஸ்கில் அதன் அடையாளப் பதிவு) பிடித்திருக்கிறது. அழிக்கப்பட்ட பழைய ஃபோல்டரையே கன்டெய்னர் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் புதியதில் எத்தனை கோப்பு வைத்தாலும் தெரியாது. குபெலெட் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இனி அழிப்பதென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள்.

இரண்டு, ஃபோல்டரை விட்டுவிட்டு ஒரே ஒரு கான்ஃபிக் கோப்பை மட்டும் மவுண்ட் செய்வது. நிறுவிகள் தற்காலிகக் கோப்பில் எழுதி, பெயர் மாற்றி வைப்பது வழக்கம். அப்போது ஐநோடு மாறிவிடும், கன்டெய்னருக்குள் பழைய கோப்பே தங்கிவிடும். எப்போதும் ஃபோல்டரையே மவுண்ட் செய்யுங்கள்.

மூன்று, ஹோஸ்ட்டில் /ஆப்ட்/சிஎன்ஐ/பின் ஒரு சிம்பாலிக் லிங்க்காக இருப்பது. மேல் ஃபோல்டரை மட்டும் மவுண்ட் செய்தால் லிங்க் உள்ளே வந்துவிடும், அது சுட்டும் இடம் வராது. லிங்க் எங்கே போகிறதோ அந்த இடத்தையும் சேர்த்து மவுண்ட் செய்யுங்கள்.

படி 4: கோப்பு இருக்கிறது, ஆனால் ஓடவில்லை

"எக்செக் ஃபார்மட் எரர்" என்றால் சிபியு வகை பொருந்தவில்லை. அலுவலகத்தின் இன்டெல் மெஷினில் எடுத்த தொகுப்பை ஏஆர்எம் பெட்டியில் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள். "ஃபைல்" கட்டளை ஒரே வரியில் சொல்லிவிடும்.

கோப்பு கண்முன் இருந்தும் ஓட்டும்போது "நோ சச் ஃபைல்" என்று வருவது இதைவிடக் குழப்பமானது. பைனரி டைனமிக்காக லிங்க் ஆகியிருக்கிறது, அதற்கு வேண்டிய லோடர் அந்தக் கன்டெய்னருக்குள் இல்லை என்று பொருள். பிளகின் கிடப்பது ஹோஸ்ட்டிலிருந்து வந்த மவுண்டில், ஆனால் அது ஓடுவது குபெலெட் இமேஜின் கோப்பு அமைப்பில். குபெலெட் இமேஜ் ஆல்பைனாக (கிளிப்சி என்ற நூலகம் இல்லாத சின்ன லினக்ஸ்) இருந்து, பைனரி கிளிப்சியைத் தேடினால் இப்படித்தான் ஆகும். ஸ்டாட்டிக்காக, அதாவது வேண்டிய நூலகங்களை உள்ளேயே வைத்து, கட்டிய பைனரியைப் பயன்படுத்துங்கள்.

இதே காரணத்தால் லினக்ஸில் நெட்வொர்க் விதிகளை எழுதும் ஐபிடேபிள்ஸும் இடறும். போர்ட்மேப், பிரிட்ஜ் போன்ற பிளகின்கள் ஐபிடேபிள்ஸ் கட்டளையை அழைப்பதுண்டு. அது ஹோஸ்ட்டில் இருந்தால் போதாது, குபெலெட் கன்டெய்னருக்குள்ளும் இருக்க வேண்டும். அதோடு, கன்டெய்னருக்குள் பழைய லெகசி வகையும் ஹோஸ்ட்டில் என்எஃப்டி வகையும் இருந்தால், விதிகள் இரண்டு இடத்தில் எழுதப்பட்டு, நோடு "ரெடி" ஆகியும் ட்ராஃபிக் போகாது. இரண்டு பக்கமும் "ஐபிடேபிள்ஸ் -வி" கொடுத்து வகையை ஒப்பிடுங்கள்.

"பெர்மிஷன் டினைடு" என்றால் எக்சிகியூட் அனுமதி, /ஆப்ட் பார்ட்டிஷனில் "நோஎக்செக்", எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு) என்ற வரிசையில் பாருங்கள். எஸ்இலினக்ஸ் என்றால் ஆடிட் லாகில் "ஏவிசி" வரி இருக்கும். டாக்கர் மவுண்டின் கடைசியில் சின்ன "இசட்" சேர்த்தால் லேபிள் மாறிவிடும். எஸ்இலினக்ஸை முழுசாக அணைத்துவிடுவது தீர்வு ஆகாது.

பைனரியைத் தனியாகச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. குபெலெட் கன்டெய்னருக்குள் போய், சிஎன்ஐ_கமாண்ட் என்ற சூழல் மாறியில் "வெர்ஷன்" என்று வைத்து, சிஎன்ஐ பதிப்பு மட்டும் உள்ள சின்ன ஜேசானை அதன் உள்ளீடாகக் கொடுத்து பிளகினை ஓட்டுங்கள். எந்தெந்தப் பதிப்புகளை ஆதரிக்கிறது என்று அதுவே பட்டியல் கொடுக்கும். கிளஸ்டரைத் தொடாமலேயே பைனரி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கான்ஃபிக்கில் 1.0.0 என்று எழுதி, பைனரி 0.4.0 வரை மட்டுமே ஆதரித்தால் வரும் "இன்கம்பாட்டிபிள் சிஎன்ஐ வெர்ஷன்ஸ்" பிழையையும் இங்கேயே பிடித்துவிடலாம்.

கான்ஃபிக் பக்கம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஃபோல்டரில் பல கோப்புகள் இருந்தால் பெயர் வரிசைப்படி முதலில் வருவதே எடுக்கப்படும். ஃபிளானலிலிருந்து சிலியத்துக்கோ காலிகோவுக்கோ மாறியவர்கள் பழைய கான்ஃப்லிஸ்ட் கோப்பை அங்கேயே விட்டிருப்பார்கள். அதை வெளியே நகர்த்துங்கள்.

படி 5: ஓடும்போது உண்டாகும் கோப்புகள்

ஃபிளானலின் சப்நெட்.இஎன்வி /ரன் கீழே இருக்கும். அதை எழுதுவது ஃபிளானல் பாட், படிப்பது பிளகின். /ரன் மவுண்ட் ஆகவில்லை என்றால் படிக்கும் பக்கம் அது இருக்காது. மவுண்ட் இருந்தும் இல்லையென்றால் ஃபிளானல் பாடே எழும்பவில்லை. அதன் லாகைப் பாருங்கள், பெரும்பாலும் பாட் சிஐடிஆர் (பாடுகளுக்கான ஐபி வரம்பு) ஒதுக்கப்படாதது அல்லது பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் ஏற்றப்படாததுதான் காரணமாக இருக்கும். காலிகோவின் நோடுநேம் கோப்புக்கும் இதே தர்க்கம்.

/வார்/லிப்/சிஎன்ஐ-க்கு நான் தனி அக்கறை எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் இது உடனே தெரியாது. ஹோஸ்ட்-லோக்கல் பிளகின் எந்த ஐபியை யாருக்குக் கொடுத்தது என்பதை இதன் கீழ் "நெட்வொர்க்ஸ்" ஃபோல்டரில், ஐபிக்கு ஒரு கோப்பு வீதம் எழுதி வைக்கிறது. இந்த ஃபோல்டரை மவுண்ட் செய்யாவிட்டால் நோடு "ரெடி" ஆகிவிடும், பாடுகளும் ஓடும். ஒருநாள் குபெலெட் கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கும்போது அந்தக் கணக்கு முழுவதும் அழிந்து, ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் ஐபி இன்னொரு பாடுக்குப் போய்விடும். காரணமே புரியாமல் இரண்டு சேவைகள் மாறி மாறித் தடுமாறும். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: மின்சாரம் திடீரென்று போய்ப் போய் வரும் இடங்களில், பாடுகள் ஒழுங்காக மூடப்படாமல் பழைய பதிவுகள் தேங்கி, "நோ ஐபி அட்ரசஸ் அவைலபிள்" என்று வரும். நோடை "டிரெயின்" செய்து, அதாவது பாடுகளை அங்கிருந்து வெளியேற்றி, குபெலெட்டையும் ரன்டைமையும் நிறுத்தி, எந்த பாடும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும்.

படி 6: சரியாகிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்

நோடு "ரெடி" என்று வந்தால் கான்ஃபிக்கைப் படிக்க முடிந்தது என்று மட்டுமே அர்த்தம். அந்த நோடிலேயே விழும்படி ஒரு பிசிபாக்ஸ் பாட் ஓட்டி, அதற்கு ஐபி கிடைக்கிறதா, இன்னொரு நோடில் இருக்கும் பாடைத் தொட முடிகிறதா, கிளஸ்டருக்குள் ஒரு சர்வீஸ் பெயரை டிஎன்எஸ் தீர்க்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்ட்போர்ட் உள்ள ஒரு பாடையும் ஓட்டினால் போர்ட்மேப்பும் சோதனையாகிவிடும்.

பிறகு பெட்டியை ஒருமுறை முழுசாக ரீபூட் செய்யுங்கள். /ரன் நினைவகத்தில் இருப்பதால் சப்நெட்.இஎன்வி அழிந்து மறுபடி உண்டாக வேண்டும். அது உண்டாகிறதா என்று அப்போதுதான் தெரியும். /ஆப்ட் தனி எஸ்எஸ்டியில் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன்பே டாக்கர் எழும்பினால், குபெலெட் கன்டெய்னர் அடியில் இருக்கும் காலி ஃபோல்டரைப் பிடித்துக்கொள்ளும். கையால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், அடுத்த மின்தடைக்குப் பிறகு மறுபடி வரும். டாக்கரின் சிஸ்டம்டி யூனிட்டில் "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" வரியைச் சேர்த்து /ஆப்ட் பாதையைக் கொடுத்துவிட்டால், டிஸ்க் வந்த பிறகே டாக்கர் தொடங்கும்.

ஆரல்வாய்மொழி போன்ற இடங்களில் இந்த ரீபூட் சோதனையை ஆடிக் காற்று பிடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நாட்களில் தரவு சேகரிக்கும் நோடை யாரும் அணைக்க விடமாட்டார்கள்.